பிடரிக்கு எட்டாத சாயம்

ஒக்டோபர் 24, சனி

விடியவே மழை. முற்றம் முழுக்கச் சேறு. தலைச்சாயத் தகரத்தைத் தட்டிப் பார்த்தேன். அரைக் கரண்டி தூள் தேறலாம். அதுவும் கட்டிபட்டுக் கிடக்கிறது.

மழை விட்டதும் சைக்கிளில் பெரியகடைப் பக்கம். எந்தக் கடையிலும் இல்லை. கடைசிக் கடைக்காரன் சிரித்தான். "ரீச்சர், இந்தப் பொருள்தடைக்குள்ளை உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தையே கண்ணிலை காணேல்லை. உங்களுக்குத் தலைக்குச் சாயமோ?"

"இருந்தால் தா. இல்லாட்டி இல்லையெண்டு சொல்லு. பல்லைக் காட்டாதை."

அவன் முகம் போன போக்கு. எனக்குக் கொஞ்சமும் மனம் வருந்தவில்லை.

வகிட்டோரம் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. வயது ஐம்பத்தொன்று. நரை தொடங்கியது முப்பத்தெட்டில். அன்றிலிருந்து மாதம் ஒருதரம் பூசிவிட்டது அவர்தான். குசினிக்குப் பின்னால் மர வாங்கைப் போட்டு அதில் என்னை இருத்தி, பழைய பல்தூரிகையால். கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துப் பழகிய கை, ஒரு மயிர் தப்பாது. "அசையாதை, காதுக்கும் சேத்துப் பூசிப்போடுவன்" என்பார்.

அவர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒன்றரை வருடம். இப்போது நானே பூசுகிறேன். பிடரி எட்டாது. பிடரி வெள்ளைதான். கொண்டையைத் தாழப் போட்டு மறைக்கிறேன்.

கோழி ஒன்று இருமுகிறது. மஞ்சள் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

ஒக்டோபர் 26, திங்கள்

பாலர் பாடசாலைக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். மற்றதெல்லாம் தடிமன், காய்ச்சல்.

வெட்டி ஒட்டுகிற வேலைக்கென்று மடத்துச் சிஸ்டர் ஒரு கட்டுப் பழைய ஆங்கிலச் சஞ்சிகை தந்திருக்கிறார். புரட்டினேன். ஒரு பக்கத்தில் ஐம்பது கடந்த வெள்ளைக்காரிகள் ஏழெட்டுப் பேர், பல் தெரியச் சிரிப்பு. இலையுதிர் காலத்துக்கு ஏற்ற கூந்தல் நிறங்களாம். செம்பு நிறம், தேன் நிறம், காய்ந்த இலை நிறம். அந்த ஊர் மரங்களைப் பார்த்துத் தலைக்கு நிறம் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே ஐப்பசி மழைக்கு எல்லாம் தளிர்க்கிறது. இலை உதிர்வதென்றால் ஷெல் விழ வேண்டும். எவ்வளவு நிம்மதியான கவலை அவர்களுக்கு! பக்கத்தைக் கிழித்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். மூக்கை வெட்டி யானைக்கு ஒட்டினார்கள். நல்லது.

பின்னேரம் தாசன் வந்தான். அவரின் தம்பி. கூடவே மனைவி ரீற்றா. வந்த விதத்திலேயே தெரிந்தது. இரண்டு பேரும் கதிரையில் இருக்கவில்லை.

"மச்சாள், வாற திங்கள் மரித்தோர் திருநாள். சேமக்காலையிலை ஐயா அம்மான்ரை கல்லறைக்குப் பக்கத்திலை அண்ணைக்கும் ஒரு சிலுவை நடுவம் எண்டு யோசிச்சிருக்கிறன். பூசையிலை வாசிக்கச் சொல்லிப் பங்குச் சுவாமியிட்டைப் பேரும் குடுத்திட்டன்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனி?"

"ஒன்றரை வருசம் மச்சாள்."

"எனக்கு எண்ணத் தெரியும். சிலுவைக்குக் கீழை என்னத்தைப் புதைக்கப் போறாய்? அவர் கட்டின சாரத்தையோ? என்ன தேதி எழுதப் போறாய்?"

"கடலுக்குப் போன தேதி."

கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே குசினிச் சுவரில் அடித்தேன். அந்தத் தேதியில் அவர் சாகவில்லை. அந்தத் தேதியில் அவர் வெறுந்தேத்தண்ணி குடித்தார். "பின்னேரம் வந்து பூசிவிடுறன், தூளைக் கரைச்சு வை" என்றார். செருப்பைத் தேடினார். போனார். நான் கரைத்து வைத்தேன். சிரட்டையிலேயே காய்ந்து போனது. இதையெல்லாம் சத்தம் போட்டுச் சொன்னேன். பக்கத்து வேலியில் தலைகள்.

போகும்போது ரீற்றா மெதுவாக: "அக்கா, சனம் கதைக்குது. புருசன் இல்லாதவ ஆருக்குத் தலைக்கு மை பூசுறா எண்டு. இனி உதை விடுங்கோவன்."

விடமாட்டேன்.

ஒக்டோபர் 28, புதன்

கோபம் இன்னும் ஆறவில்லை. உடைந்த கோப்பை நல்ல கோப்பை. அதற்கும் கோபம்.

சாயம் இல்லாத நாட்டில் ஆளுக்கொரு யோசனை. கேளாமலே சொல்கிறார்கள்.

தேயிலைச் சாயம்: நேற்றுப் பூசினேன். கழுவியதும் போய்விட்டது. சீனி இல்லாத காலத்தில் தேயிலையும் வீண்.

சிரட்டைக்கரி, தேங்காயெண்ணெய்: தலையணை கறுத்தது. கழுத்து கறுத்தது. வெள்ளைச் சட்டையும் போச்சு. நரை மட்டும் நரையாகவே.

செத்த ரோச்லைற் பற்றறிக்குள் இருக்கும் கரி: முன்வீட்டுக்காரியின் யோசனை. முதலில் அவள் தன் தலையில் பூசட்டும்.

மருதோன்றி: கலியாண வீட்டுக்காரி மாதிரி நிற்கச் சொல்கிறார்கள்.

பேசாமல் விடுவது: ரீற்றாவின் யோசனை. எல்லோருக்கும் பிடித்தது இதுதான்.

நரைத்த தலையோடு நான் கோயிலுக்குப் போனால் எல்லோருக்கும் ஆறுதல். "பாவம், மனுசி தேறிவிட்டாள்" என்பார்கள். சிலுவைக்கு ஒரு பூமாலை, எனக்கு ஒரு வெள்ளைச் சேலை, அலுவல் முடிந்தது. கொண்டு போன வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. நேவிக்காரன் பிடித்துக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று இவர்களில் யாருக்குத் தெரியும்? தெரியாமல் எப்படிச் சிலுவை செய்கிறார்கள்?

அவர் வருகிறபோது நான் கிழவியாக நிற்க மாட்டேன். அவ்வளவுதான்.

மண்ணெண்ணெய்க்கு வரிசை. கிடைக்கவில்லை.

ஒக்டோபர் 30, வெள்ளி

கண்டுபிடித்தேன். என் மண்டைக்கு இது முதலிலேயே எட்டியிருக்க வேண்டும்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நைலோன் வலை இல்லை. நூல் வலைதான். உப்புத்தண்ணியில் உக்காமலிருக்க, பனிச்சங்காயை இடித்து அவித்து, அந்தச் சாயத்தில் வலையை ஊறப்போடுவார்கள். கரை முழுக்கத் துவர் மணக்கும். வலை கன்னங்கரேல் என்று வரும். ஐயாவின் விரல்களும் கறுப்பு. மாதக்கணக்கில் போகாது.

மாமா காலத்து உலர்ந்த பனிச்சங்காய் வலைக் கொட்டிலில் ஒரு தகரம் நிறைய இருந்தது. அவர் எறியவிடவில்லை. "கிடக்கட்டும், உதவும்" என்றார். உதவப் போகிறது, பாருங்கோ.

வலைக்குப் பிடித்தது தலைக்குப் பிடிக்காதோ?

ஒக்டோபர் 31, சனி

இடித்தேன். அவித்தேன். பெரிய இரும்புச் சட்டியைத் தேடினால் இல்லை. இடம்பெயர்ந்து வந்த சனத்துக்குக் கஞ்சி காய்ச்சவென்று ஆவணியிலேயே கோயிலுக்குக் கொடுத்தது நினைவு வந்தது. அலுமினியச் சட்டியில் அவித்தேன். அதுதான் பிழை. இரும்பில் அவித்தால்தான் கறுக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

மத்தியானம் பூசி, வெயில் வந்த நேரம் காயவிட்டு, கழுவிவிட்டுக் கண்ணாடி பார்த்தேன்.

செம்பு நிறம். பழுத்த பலாவிலை மாதிரி. திங்கட்கிழமை மூக்கை வெட்டக் கொடுத்த அந்த வெள்ளைக்காரியின் தலையேதான்!

சிரிப்பு வந்தது. பிறகு அழுகை. பிறகு அலுமினியச் சட்டியை உதைத்தேன். கால்விரல் வீங்கியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து ரீற்றா. கையில் ஒரு சுண்டு அரிசி, சமாதானத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா உது?"

"வலைச் சாயம். போய் எல்லாருக்கும் சொல்லு."

அவள் போகவில்லை. பின்பக்கம் வந்து பார்த்தாள். "பிடரி அப்பிடியே வெள்ளையாக் கிடக்கு. பாதியிலை விட்டா இன்னும் அசிங்கம். குனியுங்கோ."

குனிந்தேன். தூரிகையை எடுத்துப் பூசினாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பிடரியில் இன்னொருவர் கை. அவளுடையதாக இருந்ததில் எனக்கு ஆத்திரம். ஆனாலும் எழும்பவில்லை.

பூசிக்கொண்டே சொன்னாள்: "என்ரை மனுசன் ஒவ்வொரு விடியக்காலமையும் கரைக்குப் போறவர் அக்கா. போய் நிண்டு பாத்திட்டு வாறவர். எனக்கும் சொல்லுறேல்லை. அதாலைதான் சிலுவையெண்டு நிண்டனான். ஒரு முடிவு வந்தால் மனுசன் நித்திரையாவது கொள்ளும் எண்டு."

 அரிசியை வாங்கி வைத்தேன்.

நவம்பர் 1, ஞாயிறு

சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள். முக்காடு போடாமல் பூசைக்குப் போனேன். கோயிலுக்குள் ஒரு அலை மாதிரிக் கழுத்துகள் திரும்பின. என் வகுப்புப் பிள்ளை ஒன்று உரத்த குரலில்: "அம்மா, ரீச்சற்றை தலை துருப்பிடிச்சிட்டுது!" தாய் அதன் வாயைப் பொத்தினாள். அந்தப் பிள்ளை ஒன்றுதான் உண்மையை முகத்துக்கு நேரே சொன்னது.

தாசனைக் காணவில்லை. சிலுவைக்குத் தார் பூசுகிறானாம்.

பூசை முடிந்து சுவாமியிடம் போனேன். "நாளைக்குப் பூசையிலை அவரின்ரை பேரை வாசிக்கக் கூடாது."

"பிள்ளை, செபம் ஆருக்கும் கெடுதி செய்யாது."

"அப்ப உயிரோடை இருக்கிற ஆக்களுக்கான செபத்திலை வாசியுங்கோ, சுவாமி."

என் தலையைப் பார்த்தார். கால்விரலையும் பார்த்தார். "பேரை விடுறன். சிலுவை உங்கடை குடும்ப விசயம். தாசனோடை கதையுங்கோ."

கதைக்கிறேன். நாளைக்குக் கதைக்கிற கதையை அவன் ஆயுளுக்கும் மறக்கக் கூடாது.

நவம்பர் 2, திங்கள்

மழை. சேமக்காலையில் குடைகள். மெழுகுதிரிகள் ஏற்ற ஏற்ற அணைந்தன. பூசையில் அவர் பெயர் வரவில்லை.

மாமா மாமியின் கல்லறைக்குப் பக்கத்தில் தாசன் முழங்காலில் நின்று அலவாங்கால் கிடங்கு தோண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வேப்பம்பலகைச் சிலுவை. தாரால் 'வின்சன்' என்று எழுத்து. அதற்குக் கீழே 'மறைவு'. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

பேச வேண்டியதையெல்லாம் வழி நெடுக அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறக்க முன்னம் அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் விரிந்தது. அந்த நேரத்திலும் அவனுக்குச் சிரிப்பு.

"என்ன மச்சாள், உதென்ன தலை! அண்ணை வந்தாரெண்டா..."

பாதியில் நிறுத்திவிட்டான்.

நான் விடவில்லை. "என்ன? வந்தாரெண்டா என்ன? சொல்லு."

 மழை அவன் முகத்தில்.

"சொல்லடா! வந்தாரெண்டா?"

"என்னைத்தான் ஏசுவார்." அலவாங்கைச் சேற்றில் குத்தினான். "மச்சாளுக்கு ஒரு தலைச்சாயம் தேடிக் குடுக்க உன்னாலை ஏலாமப் போச்சோடா எண்டு பேசுவார்."

கிடங்குக்குள் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. அலவாங்கைப் போட்டுவிட்டு அந்தச் சேற்றிலேயே இருந்து அழுதான். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை. சனம் பார்த்தது. பார்க்கட்டும். ரீற்றா தன் குடையை அவனுக்குப் பிடித்தாள். நான் காலால் மண்ணைத் தள்ளிக் கிடங்கை மூடினேன். வீங்கிய விரலில் உயிர் போனது.

சிலுவையைத் தாசன்தான் தூக்கி வந்தான். எங்கள் குசினிச் சுவரில் சாத்தியிருக்கிறது. அதைப் பார்க்கவும் எனக்குக் கோபம்தான். எரிக்கவில்லை.

நவம்பர் 3, செவ்வாய்

மழை. கோழிக்குச் சுகம்.

சுவாமியிடம் இரும்புச் சட்டியைத் திருப்பிக் கேட்க வேண்டும். கஞ்சிக்கு வேறு சட்டி பார்க்கட்டும். பனிச்சங்காய் இன்னும் அரைத் தகரம் இருக்கிறது.

சனிக்கிழமை ரீற்றாவை வரச்சொல்லியிருக்கிறேன், பிடரிக்கு.