நிழல் பக்கத்துப் பங்கு

அன்பு மகள் கற்பகத்துக்கு,

வட்டவடையிலிருந்து அப்பா எழுதுவது. சீனத்துக் குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் தங்கை ராமுத்தாயை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாளாகிறது, நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறதாம், இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். இன்னும் ஒரு வாரம் தாண்டுவது கஷ்டம் என்றும் சொல்லிவிட்டார். போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அதனால்தான் எழுதி, பக்கத்து வீட்டு ஷிஜுவிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

ஒரு வருஷமாகத் தங்கச்சி ஏன் என் போனை எடுப்பதில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாய், நானும் மலையில் டவர் இல்லை என்று மழுப்பினேன். காரணம் நான்தானம்மா. போன பொங்கலுக்கு வந்தபோது அடுப்படித் தரையில் கரியால் இரண்டு சீன எழுத்து எழுதிக் காட்டினாயே, யின் என்றால் மலையின் நிழல் விழும் பக்கம், யாங் என்றால் வெயில் விழும் பக்கம், பெண், குளிர், ஈரமெல்லாம் யின்னோடும் ஆண், சூடெல்லாம் யாங்கோடும் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள் என்றாய். இரண்டு எழுத்திலும் இருப்பது ஒரே மலைதான், ஒன்று உசத்தி ஒன்று மட்டம் என்று கிடையாது, பொழுது நகர்ந்தால் இரண்டும் இடம் மாறும் என்றும் சொன்னாய். நான் எனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டேன். புருஷனை இழந்து வீட்டுக்கு வந்த உன் தங்கை நம் மலை நிலத்தில் வெயில் பக்கம் ஒரு துண்டு கேட்டாள், உன் தம்பி முனீஸ்வரன் முடியாது என்றான். ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து, நிழல் பக்கம் பெண்ணுக்கு, வெயில் பக்கம் ஆணுக்கு என்று சீனாக்காரனே எழுத்தில் வைத்திருக்கிறான், என் மூத்த மகளே சொன்னாள் என்று பெரிய மேதை மாதிரி பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்து, அக்காவே சொல்லிருச்சா, அப்பச் சரிப்பா என்று நிழல் பக்கத்துப் பங்குக்குக் கையெழுத்துப் போட்டாள்.

பதினொரு மணி வரை வெயில் எட்டிப் பார்க்காத சரிவு அது. அங்கே அவள் போட்டுக்கொண்ட குடிசையின் தகரக் கூரையில் பனி சொட்டும், வெள்ளைப்பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போகும், ஆடி மழை, ஐப்பசி மழை இரண்டிலும் அங்கே இருமிக்கொண்டே கிடந்தாள். வீட்டுக்கு வா என்று நான் கூப்பிட்டது போன மாதம்தான், பாவி நான். நேற்று அவள் கையைப் பிடித்து, உன் அக்கா அப்படிச் சொல்லவில்லை, நான்தான் திரித்தேன் என்றேன். எனக்காகப் பொய் சொல்லாதப்பா என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் வார்த்தைக்கு இனி மதிப்பில்லை.

நர்ஸ் டின்சி தினமும் நம் ஊர் நேரம் நாலு மணிக்குப் போனை அவள் காதில் வைக்கிறேன் என்றிருக்கிறாள், நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அழுது நேரத்தைக் கடத்தாதே. வேளைக்குச் சாப்பிடு. மலைத் தெய்வம் உன்னைக் காக்கட்டும், என்மேல் உள்ள கோபத்தைப் பிறகு தீர்த்துக்கொள். போனில் அவளிடம் உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்னால், அப்பா சொன்னது பொய் என்று சொல்லிவிடு.

உன் அப்பா,
செல்லத்துரை