கல்ஃபானின் தண்ணீர் முறை

நிஸ்வா,
வியாழக்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் என் கணவரின் தம்பி கல்ஃபானுக்கு, மதினி ஸுவைனா ஸலாம் சொல்லி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. ஸுரய்யாவுக்கு நிக்காஹ் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. என் மடியில் தூங்கின பிள்ளை. மாப்பிள்ளைக்கு ஸாபித்தான சம்பளம் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். நல்லது. மாறாது, அசையாது என்று எதைத்தான் நாம் ஸாபித் என்கிறோம்? அரசாங்கச் சம்பளம், தொழுகைத் திசை, நல்லவன் கொடுத்த வாக்கு. மீன் விலையை அப்படிச் சொன்னால் சந்தையே சிரிக்கும்.

அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வந்திருக்கிறாய். நிக்காஹ் அன்று மதியம்தான் இங்கே நிஸ்வாவில் உன் தோட்டத்துக்குத் தண்ணீர் முறை. வறட்சிக் கட்டுப்பாடு உனக்குத் தெரியும்: தோட்டத்துக்கு உடையவனோ அவன் கூடப்பிறந்தவனோ மடையில் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த தோட்டத்துக்கு. அடுத்தது என் தோட்டம். "ஒரு தடவை முறையை மாத்திக்கலாம் மதினி, ஈச்சங்காய் பழுக்குற நேரம், மரம் வாடிடும்" என்கிறாய். அடேயப்பா, என்ன பணிவு!

பதினாறு வருஷம் உனக்காக அந்த மடையில் நின்றவர் உன் அண்ணன் முஹன்னா. அவர் படுத்த பிறகுதான் நீ காரில் வந்து நின்றாய். அவரை அடக்கம் செய்த மதியமும் அங்கேதான் நின்றாய். கபர்ஸ்தான் கூப்பிடு தூரம். பக்கத்து வீட்டு ஹுமைதை அனுப்பினேன். "என் முறைய எடுத்துக்கச் சொல்லு, வந்து அண்ணனுக்கு ஒரு பிடி மண்ணு போடச் சொல்லு" என்றேன். நீ சொல்லியனுப்பியது ஊருக்கே தெரியும்: "தண்ணி முறை ஸாபித். யாருக்காகவும் மாத்துற பழக்கம் இல்லன்னு மதினிகிட்ட சொல்லிடு."

அன்றைக்குப் பற்றிய வயிறு, கல்ஃபான். மூன்று வருஷமாக எரிகிறது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் கொஞ்சம் குளிர்ந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

மாற்ற மாட்டேன். நீ வராவிட்டால் என் மகன் ஸாலிம் தண்ணீரை எங்கள் எலுமிச்சைக்குத் திருப்பிவிடுவான். உன் மரம் காய்ந்தால் காயட்டும். மரமா மகளா, நீயே பார்த்துக்கொள். நீ எங்கே நிற்பாய் என்று எனக்குத் தெரியும்.

நான் நிக்காஹுக்கு மஸ்கட் வருகிறேன். ஸுரய்யாவுக்கு என் கையால் மருதாணி இடுவேன். அல்லாஹ் அவளைக் குறையில்லாமல் வாழவைக்கட்டும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த பிறகு, "வாப்பா எங்க, பெரியம்மா?" என்று அவள் கேட்பாள். என்ன சொல்லட்டும்? உன் கையாலேயே எழுதி அனுப்பிவிடு.

முஹன்னாவின் மனைவி,
ஸுவைனா