வேனை விட்டு இறங்காதவர்

டிசம்பர் 29

மத்தியானம் பழைய வெள்ளை வேன் ஒன்று வந்து தென்னை ஓரமாக நின்றது. கடலே இல்லாத சகாத்தேகாஸ் மாநிலத்து நம்பர் பிளேட். அந்த மேட்டு நாட்டு ஆட்கள் கடலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவார்கள். இந்த அம்மா ஓடவில்லை. குழாய் எங்கே, குளியலறை எங்கே, பக்கத்தில் யாராவது தங்குவார்களா என்று கேட்டாள். பெயர் நெலிதா.

"ரெண்டு பேரா?" என்றேன்.

"ஆமா. வீட்டுக்காரர் உள்ள இருக்கார்."

இருக்கட்டும். எவ்வளவு நேரம் இருந்துவிடப் போகிறார்?

டிசம்பர் 31

இன்னும் இறங்கவில்லை.

ஜனவரி 2

வேனிலேயே தங்குகிற ஆட்களுக்குக் கடற்கரையில் இடம் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவள் நான். கிளியோடு வந்தவன், மூன்று பெண்டாட்டியோடு வந்தவன், எல்லாரையும் பார்த்தாச்சு. இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. இன்றைக்கு அந்த வேனைச் சுற்றி மட்டும் மூன்று முறை பெருக்கினேன். திரை அசைந்தது. ஒரு மூக்குக்கண்ணாடி. அவ்வளவுதான்.

மீன் கொண்டுவந்த செஞ்சோ சொல்கிறான், "போலீஸுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கான்க்கா." போடா. போலீஸுக்குப் பயந்தவன் எதற்கு மூக்குக்கண்ணாடியோடு எட்டிப் பார்க்கப் போகிறான்?

ஜனவரி 6

குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் நாள். வழக்கம்போல என் கூரைக்குக் கீழேதான் வளைய ரொட்டி வெட்டினோம். உள்ளே வைத்துச் சுட்ட குட்டிப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லாருக்கும் தமாலே, அதாவது சோளத்தோகையில் மடித்த மாவுக் கொழுக்கட்டை, அவித்துப் போட வேண்டும். கத்தியைப் பிடிக்கிறபோது ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்க்கணுமே! போன வருஷம் செஞ்சோ பொம்மையை வாய்க்குள்ளேயே ஒதுக்கி வைத்திருந்து மாட்டிக்கொண்டான்.

நெலிதாவும் வந்து உட்கார்ந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு நானே ஒரு துண்டு வெட்டிக் கொண்டுபோனேன். புண்ணியத்துக்கு இல்லை, மூஞ்சியைப் பார்க்கத்தான். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வந்து தட்டை வாங்கியது. நன்றி சொல்வார் என்று நின்றேன். கடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு—

"மயிரு!"

எனக்கு வந்ததே கோபம்! "ரொட்டி கொண்டுவந்தவகிட்ட பேசற பேச்சாய்யா இது?" என்று கத்திவிட்டேன். கதவு சாத்திக்கொண்டது.

நெலிதா ஓடினாள். திரும்பி வந்தபோது உள்ளங்கையில் பொம்மை. செஞ்சோ துள்ளிக் குதித்தான். "உள்ள இருக்கறவருக்குத்தான் பொம்மை! அவர் கையாலதான் தமாலே!"

"நாங்க நாளைக்கே கிளம்பிடுவோம்" என்றாள் நெலிதா. முகத்தில் ரத்தமே இல்லை.

ஜனவரி 7

கிளம்பவில்லை. துணி துவைக்க வந்தவள் தொட்டியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

அவர் பெயர் எவரிஸ்தோ. பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார். போன வருஷம் பக்கவாதம். நாம் பேசுவது எல்லாம் புரியும். ஆனால் அவர் வாயில் மிச்சம் இருப்பது அந்த ஒரே ஒரு வார்த்தை. தண்ணீர் கேட்டாலும் அதுதான், கோயிலில் பாதிரியாருக்கு வணக்கம் சொன்னாலும் அதுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். அன்றைக்கு வீட்டுக்குள் போனவர்தான், பிறகு வெளியே வரவே இல்லை.

"கடலைப் பாத்தா வெளிய வருவார்னு கூட்டிட்டு வந்தேன், லாலா. இங்கயும் இப்படியேன்னா, அடுத்த மாசம் அவரை அவர் தம்பி வீட்டுல விட்டுட்டு நான் எங்க அக்காகிட்ட போயிடுவேன். இருட்டுல உக்காந்து உக்காந்து நானும் செத்துட்டிருக்கேன்."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். என்கிட்டயா!

ஐயோ, அந்த மனுஷனைப் போய்த் திட்டினேனே. நான் கெட்ட கேடு.

ஜனவரி 15

யாரிடமும் சொல்லவில்லை. நாக்கு அரிக்கிறது.

ஜனவரி 24

பொறுக்க முடியாமல் வேன் கதவருகே போய் நின்றேன். "வாத்தியாரையா, நான்தான் லாலா. அன்னிக்குத் தெரியாமப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. ஆனா பொம்மை உங்களுக்குத்தான் வந்துச்சு. அதுல மன்னிப்பெல்லாம் கிடையாது."

உள்ளேயிருந்து கதவில் இரண்டு தட்டு. சரி என்கிறாரா, போடி என்கிறாரா?

பிப்ரவரி 1

சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்! நெலிதா சோளமாவும் தோகையும் வாங்கி வந்தாள். ஜன்னல் வழியாக இன்றைக்குத்தான் அவரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். வலது கை மடியில் சும்மா கிடக்கிறது, இடது கையால் தோகையில் மாவைத் தடவி மடிக்கிறார். பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடுகிறவர் மாதிரி அத்தனை கவனம்.

"வெளிய வந்து குடுப்பாரா?"

"மாட்டார். நீங்களே குடுத்துடுங்க." நெலிதா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பெட்டி கட்டியாகிவிட்டது.

பிப்ரவரி 2

மறப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

ஊரே வந்தது. பானையை நான் தூக்கப் போனேன், செஞ்சோ விடவில்லை. "பொம்மைக்காரர் கையாலதான் வாங்குவோம்!" என்று போய் வேனைத் தட்டினான். நான் வாத்தியாரையா என்று கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறான், மற்றபடி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"யோவ் வாத்தியாரே! தமாலே எங்கய்யா?"

உள்ளேயிருந்து, "மயிரு!"

நெலிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அட மயிரு, நானும் அதைத்தானே கேக்கறேன்! பசி உயிரு போகுதுய்யா!" என்றான் செஞ்சோ. பின்னால் நின்ற மீனவர்களும் ஆளுக்கொரு தரம் அதையே சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் கரையில் காலை வணக்கத்துக்கும் அதுதான், வலை கிழிந்தாலும் அதுதான். இது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை?

பிறகு உள்ளே யாரோ சிரித்தார்கள். கதவு திறந்தது.

கழுத்துவரை பித்தான் போட்ட சட்டையோடு இறங்கினார். பானைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தமாலேயாக எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் "மயிரு" என்றார், அவ்வளவு மரியாதையாக. "உங்களுக்கும், வாத்தியாரே!" என்று வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பாதிரியாருக்குக் கொடுத்தபோது மட்டும் சொல்லாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஆமென்" என்றார் பாதிரியார்.

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

பிப்ரவரி 11

மத்தியானம் நெலிதா கையில் கரண்டியோடு வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது, குரலில் எரிச்சல்.

"லாலா, எங்க வீட்டுக்காரரை எங்கயாவது பாத்தீங்களா? விடியறதுக்கு முன்னாடி செஞ்சோ படகுல போனவர். சூப் ஆறிப்போய்க் கிடக்கு, இன்னும் ஆளைக் காணோம்!"