நான் கழுவிய விமானம்

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் பனி. வாடகை உழவுக்கு டிராக்டர் எடுத்துப் போயிருந்தேன். மகள் கயலிடமிருந்து போன்: "அப்பா, எனக்கு ஒண்ணுமில்ல. இன்ஜின் இழுக்கல. மன்னார்குடி பக்கம் அறுத்த வயல்ல இறக்கிட்டேன்." பயிற்சி விமானம், தனியாக ஓட்டி வந்தவள். டிராக்டரை அங்கேயே விட்டுவிட்டு, கடன் வாங்கிய பைக்கில் பறந்தேன். பிள்ளை முழுசு. விமானமும். இறக்கை வரை சேறு. அழுதது நான், சிரித்தது அவள்.

அவளைப் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். சும்மா நிற்கத் தெரியாத ஜென்மம் நான். பெட்ரோல் தீர்ந்ததோ என்று வலது இறக்கை மேல் இருந்த டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. பிறகு ஊர்க்காரர்களோடு சேர்ந்து போர்செட் ஹோஸ் பிடித்துக் கழுவல். வயலை விட்டு ஏறிய வண்டியில் சேறு காயவிடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பளபளவென்று நின்றது. ஒரே பெருமை.

9, திங்கள்

விமானத்தில் விபத்து விசாரணை அதிகாரி சோதனை. வலது டேங்கில் தண்ணீர். பள்ளி மேனேஜர் கயலிடம், "காலையில டேங்க் பாக்காம கெளம்பிட்டேன்னு எழுதிக் குடும்மா, முடிச்சுடலாம்" என்றாராம். எழுதினால் பைலட் கனவு அவ்வளவுதான்.

"கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு டேங்கையும் வடிச்சு, தண்ணி இல்லன்னு பாத்தேம்ப்பா. எழுத மாட்டேன்."

மூடியை இறுக்கினேனா? ஞாபகமில்லை. மூடியைத் திறந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன்.

கயல்: "தொட்டதே குத்தம்ப்பா."

"தெரிஞ்சா தொடுவேனா?"

மனைவி சுமதி: "ஏரோப்பிளேனையும் விட்டு வைக்கலையா நீங்க?"

10, செவ்வாய்

வெயில். இருந்ததில் நல்ல சட்டை. அதிகாரியைப் பார்க்கப் போனால், பயிற்சிப் பள்ளி வாசலில் மேனேஜர் மறித்தார்.

"பெரியவரே, வாயத் தொறந்தா கேஸ் உங்க மேல வரும்."

"வரட்டும் சார். செய்யாத தப்பு எம் பொண்ணு மேல வரக் கூடாது. அப்புறம், எனக்கு அம்பதுதான் ஆவுது. பெரியவரு வேணாம்."

உள்ளே போய் மூடி, ஹோஸ், எல்லாம் சொன்னேன். அதிகாரி சிரிக்கவில்லை. இன்ஜினுக்குப் போகும் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாதது அவரை முன்பே உறுத்தியதாம். "தடயத்தக் கலைச்சிருக்கீங்க. நோட்டீஸ் வரும். எழுதித் தருவீங்களா?"

தந்தேன். பத்தாவது ஃபெயில் கையெழுத்து, கொட்டை கொட்டையாக.

19, வியாழன்

இன்ஜினைப் பிரித்தார்களாம். வால்வு ஒன்று சிக்கிக் கிடந்திருக்கிறது; அதனால்தான் இழுக்கவில்லை. தண்ணீர் பிறகு வந்தது என்று அதிகாரி குறித்துக்கொண்டார். மேனேஜர் கயலிடம், "கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடும்மா."

"ரெஸ்டு வேணாம் சார். எனக்கு எப்ப ஃப்ளைட்?"

தினமும் போய் அதையே கேட்கிறாள். அம்மா பிடிவாதம் என்கிறேன். சுமதி என்னைக் காட்டுகிறாள்.

மார்ச் 4, புதன்

உளுந்துக்கு மருந்து. பம்பு அடைப்பு. மதியம் நோட்டீஸ் வந்தது, என் பெயருக்கு. நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

சுமதி: "என்ன சொல்லுவீங்க?"

"கழுவுனேன்னுதான்."

கயல் போனை எடுக்கவில்லை. ஃப்ளைட் கொடுத்துவிட்டார்கள்; மேலே வானத்தில் இருக்கிறாள்.