அலசுவதற்கு ஒன்றேகால் மணிநேரம்

ஏப்ரல் 6, சனி

பியர் காய்ச்சும் சனிக்கிழமை. என் கணவன் லிசாந்த்ரோ ஒன்பது மணிக்கு வந்தான். வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. பானைகள் எல்லாம் என் கொட்டகையில். அவன் இருப்பதோ ஊரின் மறுகோடியில், ஒற்றை அறையில். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவதற்கு அதுதான் காரணம். அப்படித்தான் இருவரும் சொல்லிக்கொள்கிறோம்.

வழக்கம்போல உடைத்த மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்தோம். பிறகு, தானியத்தில் தங்கிவிட்ட இனிப்பை எடுக்க அலசல். அவன் முக்காலிமேல் நின்று கெட்டிலால் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் ஊற்றினான். நான் கீழே உட்கார்ந்து, குழாயிலிருந்து சாறு நூலாக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே விழுவதும் கீழே இறங்குவதும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். ஒன்றேகால் மணிநேரம். எங்கள் பானைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆளால் முடியாது.

பேசியது மொத்தம் இவ்வளவு: "கொஞ்சம் குறை." "இப்ப சரி." "தண்ணி ஆறிடுச்சா?" இதைப் பேச்சு என்று சொல்லலாமா?

சாற்றின் இனிப்பை அளக்கும் மிதவைக் கண்ணாடி 1050 காட்ட வேண்டும். 1041. மறுபடியும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மால்ட் விற்கும் கிரிசெல்டா இருமல் மருந்து வாங்க நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வந்தாள். 1041 என்றேன். வேலை நேரத்தில் இதையா பேசுவது என்று முதலாளி முறைத்தார்.

"இன்னும் அந்தச் சொட்டுச் சொட்டு வேலைதானா? இருக்கிற சாறை முழுசா வடிச்சிடு. வெந்நீரை ஒரே தடவையா ஊத்து, அடிவரைக்கும் கிண்டு, பத்து நிமிஷம் விடு, மறுபடி வடி. முடிஞ்சுது. ஒத்த ஆளு போதும்" என்றாள். கதவுவரை போய்த் திரும்பி, "ஒத்த ஆளு போதும்னேன், கேட்டுச்சா நெலி?"

கேட்டது.

ஏப்ரல் 13, சனி

நாள் முழுக்க யோசித்தேன். பியரைப் பற்றித்தான்.

ஏப்ரல் 20, சனி

லிசாந்த்ரோவோடு அலசி முடித்த பிறகு, சக்கையைப் பக்கத்து வீட்டு டான் எவாரிஸ்தோவின் பன்றிகளுக்காக வாளியில் அள்ளிக்கொண்டிருந்தேன். சும்மா ஒரு சிட்டிகை வாயில் போட்டேன். சப்பென்று இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிட்டிகை. தேன்! பானைக்குள் எட்டிப் பார்த்தால், ஓரத்தில், தண்ணீர் விழுந்த இடத்தில், முஷ்டி அளவுக்கு ஒரு குழி.

புரிந்துவிட்டது. மாத்தே இலைத் தேநீருக்கு வெந்நீர் ஊற்றுகிற கையால் ஊற்றியிருக்கிறான். சுரைக்குடுவையில் உறிஞ்சுகுழலை ஒட்டி, ஒரே இடத்தில், மற்ற இலை நனையாமல் ஊற்ற வேண்டும். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் கை வேறு மாதிரிப் போகாது. மாத்தேக்கு அது சரி, சாரம் கடைசிவரை நிற்கும். மால்ட்டிலோ தண்ணீர் ஓட்டை போட்டுக்கொண்டு நேரே குழாய்க்கு ஓடிவிடும், பாதித் தானியம் அலசப்படாமலே கிடக்கும்.

பதினொரு வருடமாக இதைத்தான் செய்திருக்கிறோம். அவனை மட்டும் சொல்லி என்ன பயன்? நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை நிமிர்ந்து அவனைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சொன்னேன். "அப்ப பதினோரு வருஷமா பன்னிக்குத்தான் காய்ச்சிருக்கேனா?" என்றான். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? கிரிசெல்டா சொன்ன முறையையும் சொல்லித் தொலைத்தேன், ஒத்த ஆள் உட்பட.

கெட்டிலைக் கீழே வைத்தான். "அப்ப நான் வர வேணாம். அதானே ஒல்லி?" எண்பத்திரண்டு கிலோ ஆன பிறகும் அவனுக்கு நான் ஒல்லிதான்.

நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தேன்?

மே 4, சனி

அவன் வரவில்லை. புது முறையில் தனியாகக் காய்ச்சினேன். அலசல் அரைமணிகூட ஆகவில்லை. 1048! பெருமையாகத்தான் இருந்தது. "லிசாந்த்ரோ, பாரு" என்று சொல்லிவிட்டேன், சத்தமாக. கொட்டகையில் பூனைகூட இல்லை.

மே 5, ஞாயிறு

பில்த்ரிகித்ரோன் மலையில் இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி. அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். எந்த அலசல்?

பழைய முறையையே வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் ஊற்றாதே, வட்டமாக ஊற்று என்று அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், 1050 வந்துவிடும். அவனும் வருவான். வேலைக்கு ஆள் வேண்டும் என்பதால் வருவான். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, "குறை", "சரி", "ஆறிடுச்சா". இன்னும் பதினொரு வருடம் அப்படியே ஓட்டலாம்.

புது முறையில் 1048ஐ 1050 ஆக்க ஒரு கிலோ மால்ட் கூடப் போட்டால் தீர்ந்தது. ஆனால் அதில் அவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அவன் வருவானா? அது தெரியாமல்தான் எட்டு மாதமாக அவனை முக்காலிமேல் நிறுத்தி வைத்திருக்கிறேன். பயந்தாங்கொள்ளி நான்.

மே 14, செவ்வாய்

மரமறுக்கும் மெஷின் பழுதுபார்க்கும் அவன் பட்டறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், வாடிக்கையாளர் வந்ததுபோல.

"சனிக்கிழமை காய்ச்சுறேன். புது முறைதான். உனக்கு அதில ஒரு வேலையும் கிடையாது. வர்றதுன்னா வா."

ரம்பத்தின் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "வேலை இல்லாம வந்து என்ன பண்ண?"

"தெரியல."

உண்மையிலேயே தெரியவில்லை.

மே 17, வெள்ளி

ஒரு கிலோ கூடுதலாக மால்ட் வாங்கி வந்தேன். அவன் வராவிட்டாலும் காய்ச்சத்தானே வேண்டும்.

மே 18, சனி

ஒன்பதுக்கு வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. சரி, பதில் கிடைத்துவிட்டது என்று ஒரே மூச்சில் வெந்நீரைக் கொட்டி, கிண்டி, வடித்தேன். கை வலித்தது. அழுகையும் வந்தது, எழுத என்ன வெட்கம்.

சாறு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது யாரோ முன்கதவைத் தட்டினார்கள். லிசாந்த்ரோ. தலைவாரி, நல்ல சட்டை போட்டிருந்தான்.

"அலசி முடிச்சிட்டியா?"

"இப்பதான் முடிச்சேன்."

"முடிஞ்சிருக்கும்னு பார்த்துத்தான் வந்தேன்."

அடுப்படியில் உட்கார்ந்தான். எங்களுக்குள் பேச்சு எப்போது நின்றது என்று எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டான். நான் ஒரு நாளைச் சொன்னேன். அவன் வேறொரு நாளைச் சொன்னான், அதற்கும் இரண்டு வருடம் முந்தையது. எனக்கு அது தெரியவே தெரியாது. கொஞ்சம் சண்டைகூடப் போட்டோம். ஜன்னலில் மலை மங்கும்வரை பேசிக்கொண்டிருந்தான்.

இல்லை. பேசிக்கொண்டிருந்தோம்.