யூனிஸுக்கு ஓலை வாசித்த ஞாயிறு

அல்சூர், பெங்களூர்
ஜனவரி, திங்கட்கிழமை

என் கண்ணு ரகுராமுக்கு அம்மா எழுதுவது. சோமேஸ்வரர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் ஏதோ இருக்கிறோம், அந்தப் பனியில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் காலையில் விளக்கேற்றும்போது எனக்கு முதல் நினைப்பு. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் கையால் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், முழுசாகப் படி. அப்பாவுக்குப் பேச்சில் குழறல் குறைந்திருக்கிறது, வலது கை மட்டும் இன்னும் மடக்கினபடியேதான். சனிக்கிழமை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பொண்ணு ஏன் இன்னும் வரல, பந்து எங்கேன்னு ரெண்டு தரம் கேட்டார். வாதம் வந்த நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து அவர் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, அமுக்குங்க மாமா, என் மேல இருக்கற கோபத்தையெல்லாம் இதுல காட்டுங்கன்னு சிரிக்க வைத்தவள் யூனிஸ்தானே. நான் காபி கலக்கப் போய்விட்டேன்.

யூனிஸைக் கட்டிக்க நான் இப்ப ரெடிம்மா, நீங்க போய் அவகிட்ட சொல்லுங்க, நான் டிக்கெட் பார்க்கறேன்னு சொன்னாயே, அதைச் சொல்லத்தான் நேற்று ஆட்டோ பிடித்து ஜீவனஹள்ளிக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது, பக்கத்து வீட்டம்மா எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருக்காங்க, இன்னிக்கு யூனிஸுக்கு ஓலை என்றாள். நமக்கு இதெல்லாம் தெரியாது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சபையில் படித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்களாம். நான் நெற்றியில் குங்குமத்தோடு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். போதகர் படித்தார். மாப்பிள்ளை ஓசூரில் பள்ளிக்கூட வாத்தியார். ஆட்சேபம் உண்டா என்று அவர் கேட்டு நிறுத்தினபோது யூனிஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். நீ சொன்ன வார்த்தை என் வாய்க்குள்ளேயே இருந்தது ரகு. எந்த சாமி வீடாக இருந்தாலும் சாமி வீடுதான், அங்கே எழுந்து நின்று எதைச் சொல்லுவேன், முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அவள் அப்பா அய்யாவு, வாங்கக்கா, தம்பிக்கு லீவு கிடைச்சிட்டுதா, எட்டு வருஷமா லீவே குடுக்காத கம்பெனி அப்படி என்ன கம்பெனிக்கா அதுன்னு சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் கண் சிரிக்கவில்லை. யூனிஸ் என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், எந்திரிச்சிடுவீங்களோன்னு பயந்துட்டேன் ஆன்ட்டி என்றாள். எட்டு வருஷமாக அத்தை என்று கூப்பிட்ட பெண். நீ சொன்னதை அப்படியே சொன்னேன், மறைக்கவில்லை. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், ரெடின்னு எப்ப சொன்னாரு, எனக்கு இடம் முடிவானதைக் கேட்டப்புறமா, அதுக்கு முன்னாடியான்னு. சர்ச் வாசலில் நின்றுகொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்புறம்தான் கண்ணு என்றேன். அப்படின்னா அவருக்கு வேண்டியது நான் இல்ல ஆன்ட்டி, நான் போறதுதான் தாங்கலன்னு சொல்லிவிட்டு அழுதாள். உன் அப்பாவுக்குக் கைப்பயிற்சி கொடுக்க வேறு ஆளை ஏற்பாடு செய்திருக்கிறாளாம், புதன்கிழமையிலிருந்து வருவார்.

நீ அனுப்பின அந்த மனோதத்துவக் கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு ரெண்டு மத்தியானம் படித்தேன். ஒருத்தரோடு ஒருத்தர் நிலைத்திருப்பதற்கு மூன்று காரணம் போட்டிருக்கிறான், கிடைக்கிற சந்தோஷம், இதைவிட நல்ல இடம் வேறு இல்லை என்கிற நினைப்பு, இதுவரை போட்டதெல்லாம் வீணாகிவிடுமே என்பது. மூணும் எனக்கு இருக்கும்மா என்று எழுதியிருந்தாய். கணக்கு எழுதிப் பழகினவள் இல்லையா, ஒவ்வொன்றாக என் வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தேன். பொய் இல்லை. உன் அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றல், வந்த புதிதில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, போக்கிடமும் இல்லை, பிறகு நீ பிறந்தாய், போட்டதை விட்டுப் போக மனசில்லை. ஆனால் அவர் கை விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் இந்த மூன்றில் ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை, அவருக்குத் தாகம் எடுக்குமே என்றுதான் தோன்றியது. அதைக் கட்டுரையில் தேடினேன், கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது, இருப்பதுதான் சரி என்று நினைத்து இருக்கிறவர்களும் உண்டு என்று. நீ அதுவரை படித்தாயோ என்னவோ. போட்டது என்கிறாயே, நீ போட்டது என்ன, யூனிஸ் போட்டது என்ன, நீயே யோசி. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, வயிறு எரிந்து எழுதுகிறேன். எனக்கும் அவள் போகிறாள்தானே.

இன்னும் ரெண்டு ஞாயிறு பாக்கி. டிக்கெட் எடுக்காதே. அவளுக்குப் போன் பண்ணாதே, அவள் சிநேகிதிகளிடம் சொல்லி விடாதே. அவளுக்கு உன் மேல் வெறுப்பு என்று நினைக்காதே கண்ணு. நீ வந்து அவள் எதிரில் நின்றால் அவள் ஓலையை நிறுத்திவிடுவாள், அவள் முகத்தில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதனால்தான் வராதே என்கிறேன்.

கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை பண்ணினேன், அவள் பெயரையும் சொன்னேன், குருக்கள் நட்சத்திரம் கேட்டார், தெரியாது என்றேன். சோமேஸ்வரர் உனக்கு மன உறுதியும் நல்ல உறக்கமும் தரட்டும். ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே, தயிர்சாதமாவது சாப்பிடு. கல்யாணத்துக்கு நான் போவேன். படம் எடுக்க மாட்டேன், கேட்காதே.

என்றும் உன் நன்மையையே வேண்டும் அம்மா,
கோமளா கணேசமூர்த்தி