கரைப் பொங்கலுக்கு வந்த கிணற்றுத் தண்ணீர்

உ

எருமப்பட்டி,
கார்த்திகை மாதம், 1983

பிரியமுள்ள மகன் சின்னுசாமிக்கு அம்மா பாப்பாயி எழுதுவது. கொல்லிமலைச் சாரல் பட்டு இங்கே ஆடு மாடு முதற்கொண்டு எல்லோரும் சுகம், நாக்பூர்க் குளிரில் நீயும் மருமகளும் பேத்தியும் காதுக்குத் துணி கட்டிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதி. உன் தங்கச்சி மகள் தங்கமணி டைப்ரைட்டிங் லோயர் பாஸ், முதல் வகுப்பு, நாமக்கல் இன்ஸ்டிடியூட்டில் அவள் பெயரைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள், நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் தம்பி ராசு ஜில்லா ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கினான், உங்கள் அப்பா இப்போது அதில்தான் காபி வேண்டும் என்கிறார். பேத்தி இந்தியில் பேசிப் பரிசு வாங்கியதாக நீ எழுதியதை அஞ்சாவதோடு நின்ற நான் தெருவுக்கே வாசித்துக் காட்டினேன். நம் பிள்ளைகள் எதிலும் சோடை போகவில்லை, அதனால்தான் உன் கடுதாசியின் கடைசி வரி எனக்கு ஆறவில்லை. மருதாசலம் நமக்குச் சொந்தம், அவன் சேகோ ஃபேக்டரி விஷயத்தில் தலையிடாதே, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு என்று எழுதியிருக்கிறாய். அவன் என் அண்ணன் மகன் என்பது எனக்குத் தெரியாதா, இடுப்பில் வைத்துச் சோறூட்டியவள் நான்.

நடந்ததை நான் சொல்கிறேன் கேள். அவன் ஜவ்வரிசிக்கு மரவள்ளிக் கிழங்கு கழுவிய தண்ணீரை எல்லாம் வாய்க்கால் வெட்டி நம் ஏரியில் விடுகிறான். கரையோரம் நுரை கட்டிப் புளித்த நாற்றம், மீன் எல்லாம் வயிறு மேலே வந்து மிதக்கிறது. மேட்டுத்தெருக்காரர்களுக்கு அந்த ஏரியை விட்டால் வேறு என்ன இருக்கிறது, மீனும் அதில்தான், குடிதண்ணீரும் அதில் ஊற்றுத் தோண்டித்தான். அந்தத் தெரு மாரியின் பிள்ளைகளைப் போய்ப் பார், உடம்பெல்லாம் சொறி. மாரி ஃபேக்டரி வாசலில் நின்று கேட்டதற்கு, அது மாவுத் தண்ணிதான், மீனுக்குத் தீனி, நாத்தம் தாங்கலைன்னா குடிசையைத் தூக்கிக்கிட்டு வேற ஊரு பாருங்க என்றானாம். இருப்பவர்களைப் போகச் சொல்ல இவன் யார்? மேட்டுத்தெருவில் வாய்க்காலை மண் போட்டு அடைத்துக் காவல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், ஒருத்தரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போசியில் சோறு எடுத்துக்கொண்டு போனேன். அவர்களைத் தள்ளிவிட்டு மண்ணை எடுக்கிறவர்கள் என்னைத் தொட மாட்டார்கள் அல்லவா. ஃபேக்டரி ஆட்கள் வந்து, ஆத்தா எந்திரிங்க, மொதலாளி எங்களை வையறாருங்க என்றார்கள். உங்க மொதலாளியவே வந்து அத்தையத் தூக்கச் சொல்லுங்கடா என்றேன். அவன் வந்தான், பேரனைத் தாலாட்டற வயசுல உங்களுக்கெதுக்குங்கத்தை ஏரி என்று சிரித்தான், ஆனால் கிட்டே வரவில்லை.

இந்த மழையில் ஏரி நிறைந்து மிச்சத் தண்ணீர் கடை வழிந்தது, ஊர் கூடிக் கரைப் பொங்கல் வைத்தோம். உனக்குத்தான் தெரியுமே, ஏரித் தண்ணீரில்தான் பொங்க வேண்டும், பானை வைப்பது நம் வீட்டுப் பெண்கள், முதல் இலை பரிவட்டம் கட்டியவனுக்கு. கிடாயும் மேளமும் என் பொறுப்பு என்று சொல்லி மருதாசலம் பரிவட்டத்தை வாங்கிக்கொண்டான். காலையில் பார்த்தால் அவன் டிராக்டர் கரையில் நிற்கிறது, மேலே ஒரு டிரம் தண்ணீர். என்னடா என்றால், பொங்கலுக்கு நம்ம கெணத்துத் தண்ணிங்க, சுத்தமா இருக்குமுங்க என்கிறான் டிரைவர். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மீனுக்குத் தீனி என்று ஊருக்குச் சொன்னவன் தன் வாய்க்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் அனுப்புகிறான் பார். அந்த நல்ல தண்ணீரை மேட்டுத்தெருப் பிள்ளைகளுக்குக் குடத்தில் பிடித்துக் கொடுத்தேன், குடங்கள் இருந்தவரை மொண்டு போனார்கள். பிறகு நானே படியிறங்கி, நுரையை ஒதுக்கி, ஏரித் தண்ணீர் மொண்டு பானை வைத்தேன். அது பொங்கின நாற்றத்தில் மேளக்காரர்கள் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். முதல் இலை போட்டு, சாப்பிடு சாமி, மாவுத் தண்ணிதானே என்றேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் கை இலைக்குப் போகவில்லை. பரிவட்டத்தை அவிழ்த்து வைத்துவிட்டு, சொந்தத்தை அறுத்துட்டீங்கத்தை என்று எழுந்து போனான். அன்றைக்கே கிழங்கு போட்டிருக்கிற எல்லோரும் கரையில் வைத்துப் பேசிவிட்டார்கள், அவன் தன் நிலத்தில் குட்டை வெட்டி அந்தத் தண்ணீரை நிறுத்துகிற வரைக்கும் ஒரு வண்டிக் கிழங்கும் அங்கே போகாது. நம் தோட்டத்துக் கிழங்கும் மண்ணில்தான் இருக்கிறது, அப்பாவும் சரி என்றுவிட்டார். இப்போது குட்டை வெட்டுகிறான், பாதிதான் ஆகியிருக்கிறது, முடிகிற வரைக்கும் நான் வாய்க்காலுக்குப் போவதை நிறுத்த மாட்டேன். இதில் நான் எதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நீயே சொல்.

மருமகளை அதிகாலைத் தண்ணீரில் கை வைக்க விடாதே. லாரி ஆபீசில் வேளைக்குச் சாப்பிடு. கரைகாத்த அம்மன் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி அண்டாமல் வைத்திருப்பாள். இன்னொன்று, ஃபேக்டரி திறப்பு அன்று மாலை போட்டுக்கொண்டு மருதாசலம் பக்கத்தில் நீ நிற்கிற போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். மேட்டுத்தெருக்காரர்கள் இப்போது நம் வீட்டுக்கு வந்து போகிறார்கள், அதை அவர்கள் பார்ப்பது எனக்குச் சங்கடம். ஆணி வெறுமனே இருக்கிறது. நீயும் மருமகளும் பேத்தியும் மட்டும் நின்று புதிதாக ஒன்று எடுத்து, அட்டை வைத்து மடங்காமல் தபாலில் அனுப்பு சாமி.

இப்படிக்கு
உன் அம்மா
பாப்பாயி